கழுவிய தோட்டாக் கூட்டுக்குள் தங்கிய ஈரம்: தண்ணீர் முறை சரியா, தவறா?

ஹூஸ்டன்வாசி:
சுட்டு முடித்த தோட்டாக் கூடுகளைச் சுத்தம் செய்து, வெடிமருந்தும் குண்டும் வைத்துத் திரும்பப் பயன்படுத்துகிறேன். போன மாதம் நடந்ததைச் சொல்லி ஆலோசனை கேட்கிறேன். சுடும் ரேஞ்சில் பொறுக்கிய .308 ரைபிள் தோட்டாவின் காலிப் பித்தளைக் கூடுகள் 300. ஸ்டீல் ஊசி, தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, கொஞ்சம் சிட்ரிக் அமிலம் போட்டு டிரம்மில் மூன்று மணி நேரம் சுற்றவிட்டேன். புதுக் கூடு மாதிரி பளபளத்தது. துண்டில் போட்டு உருட்டித் துடைத்து, பின்வாசலில் ஒரு மதியம் வெயிலில் பரப்பிவிட்டு, மாலையில் மூடி போட்ட டப்பாவில் கொட்டினேன். இரண்டு நாள் கழித்து தோட்டா தயாரிக்கும் பிரஸ்ஸில் ஏற்றி, பழைய பிரைமரை (கூட்டின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு கிண்ணம்) தட்டுவதிலிருந்து குண்டு பொருத்துவது வரை ஒரே ஓட்டத்தில் முடித்தேன். சுடப் போனால் ஐந்து வெடிக்கவே இல்லை. ஒன்று, விசையை இழுத்து ஒரு நொடி கழித்து வெடித்தது. குழலை இலக்குப் பக்கமே பிடித்திருந்ததால் யாருக்கும் ஆபத்தில்லை. வெடிக்காதவற்றைப் பிரித்துப் பார்த்தேன், மருந்து அடியில் கட்டி தட்டியிருந்தது. தண்ணீர் முறையையே விட்டுவிடலாமா?

சோளக்கட்டை:
விட்டுவிடுங்கள் தம்பி. இருபத்தைந்து வருடமாக அரைத்த வால்நட் ஓடும் சோளக்கட்டைத் தூளும் போட்டு அதிர்வு இயந்திரத்தில்தான் சுத்தம் செய்கிறேன். தண்ணீர் இல்லை, காய வைக்கும் வேலை இல்லை, வெடிக்காத தோட்டாவும் இல்லை. கூட்டில் மண்ணும் மணலும் இருந்தால், பிரஸ்ஸில் கூட்டை அளவுக்குக் கொண்டுவரும் அச்சான டையில் கீறல் விழும், அதற்காகத்தான் சுத்தம் செய்கிறோம். கண்ணாடி மாதிரி மின்னுவதால் மட்டும் எந்தத் தோட்டாவும் இன்னும் நேராகப் போய்விடாது.

இன்னொன்று. குண்டு உட்காரும் கூட்டின் கழுத்துக்கு உள்ளே படிந்த கரி குண்டு வழுக்கி இறங்க உதவும். ஊசி அதையும் சுரண்டிவிடும். அப்புறம் வெறும் பித்தளையோடு குண்டு உரசி ஒவ்வொன்றும் ஒவ்வொரு இறுக்கத்தில் உட்காரும். தூர இலக்கு சுடுகிறவர்கள் சுத்தமான கழுத்துக்குள் கிராஃபைட் தூள் தடவுவது எதற்கு? கழுவிப் போக்கியதைத் திரும்பப் பூசத்தானே!

பீனிக்ஸ்காரன்:
ஐயா, கரி பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் தூசியைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெரும்பாலான பிரைமர்களில் லெட் ஸ்டிப்னேட் என்ற ஈயச் சேர்மம் இருக்கிறது. வெடித்ததும் ஈயம் கூட்டுக்குள் படியும், அங்கிருந்து உங்கள் சோளத்தூளுக்கு வரும். சலிக்கும்போது எழும் சாம்பல் நிறத் தூசி அதுதான். நானும் எட்டு வருடம் கராஜில் அப்படித்தான் சலித்தேன். இரத்தப் பரிசோதனையில் ஈயம் கூடியிருப்பதாக மருத்துவர் சொன்ன அன்றே அந்த இயந்திரத்தை விற்றேன். அப்போது என் மகளுக்கு மூன்று வயது, கராஜில்தான் சைக்கிள் ஓட்டுவாள். தண்ணீரில் கழுவினால் ஈயம் தண்ணீரோடு நிற்கும், காற்றில் பறக்காது. எனக்கு இந்த ஒரு காரணம் போதும்.

சோளக்கட்டை:
குழந்தை இருக்கும் வீட்டில் தூசி கூடாது, அதில் மாற்றுக் கருத்தே இல்லை. நான் வீட்டுக்கு வெளியே, மூடி போட்டு ஓட்டுகிறேன். துணி உலர்த்தியில் போடும் தாளைத் துண்டுகளாக வெட்டிப் போட்டால் தூசியைப் பிடித்துக்கொள்ளும். முகமூடி இல்லாமல் சலிப்பதில்லை. உங்கள் கறுப்புத் தண்ணீரிலும் அதே ஈயம்தானே? அதை எங்கே ஊற்றுகிறீர்கள்? கையுறை போடுகிறீர்களா?

பீனிக்ஸ்காரன்:
நைட்ரைல் கையுறை கட்டாயம். சமையலறைத் தொட்டிப் பக்கம் போவதே இல்லை, கராஜில் தனி வாளி. தண்ணீரைத் தெளியவிட்டு, அடியில் தங்கும் வண்டலைத் தனியே சேர்த்து, கவுண்டியின் அபாயக் கழிவு மையத்தில் கொடுக்கிறேன்.

அளவுகோல்:
ஹூஸ்டன்வாசி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பழைய பிரைமரோடு கழுவியிருக்கிறீர்கள். கோளாறு அங்கேதான். .308 கூட்டின் அடியில் நெருப்பு நுழையும் துளை சுமார் 2 மி.மீ. மறுபக்கத்தை பிரைமர் அடைத்திருப்பதால் உள்ளே போன தண்ணீருக்கு வழியில்லை. மேலே காய்ந்த மாதிரி தெரியும், பிரைமர் கிண்ணத்துக்குள் ஒரு சொட்டு நிற்கும். பிரஸ்ஸில் பிரைமரைத் தட்டியதும் அந்த ஈரம் பிரைமர் உட்காரும் குழியில் பரவியிருக்கும், அதன் மேலேயே புது பிரைமரும் மருந்தும் ஏறியிருக்கின்றன. முதலில் பிரைமர் தட்டும் டையில் மட்டும் ஒரு சுற்று ஓட்டிவிட்டுக் கழுவுங்கள். குழியும் சுத்தமாகும், தண்ணீரும் வடியும்.

ஊசியிலும் கவனம் வேண்டும். வழக்கமான ஊசி 1.2 மி.மீ. தடிமன், 6.5 மி.மீ. நீளம். ஒன்று அந்தத் துளையில் தாராளமாக நுழையும், இரண்டு சேர்ந்து நுழையப் பார்த்தால் இறுகி நின்றுவிடும். ஒவ்வொரு கூட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் மருந்து போடாதீர்கள். நான் இப்போது ஊசியே போடுவதில்லை. தண்ணீர், சோப்பு, துளி அமிலம் மட்டும். உள்ளே முழுக்கப் பளபளக்காது. சோளக்கட்டை ஐயா சொல்லும் கரியும் கொஞ்சம் மிஞ்சும், எனக்கு அது வசதி.

மூன்று மணி நேரமும் அதிகம். கூட்டோடு கூடு மோதி வாய் விளிம்பு தட்டையாகி உள்ளே மடங்கும். ஒரு மணி நேரம் போதும். டிரம்மில் தண்ணீரை நிறைய ஊற்றுங்கள், மோதல் குறையும்.

ஹூஸ்டன்வாசி:
பிரைமர் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. மீதி 290-க்கும் மேல் அலமாரியில் இருக்கின்றன. எல்லாவற்றையும் பிரித்துவிடுகிறேன். இனி காய வைப்பது எப்படி? ரொட்டி சுடும் அவன் அடுப்பில் வைக்கலாமா?

சோளக்கட்டை:
அவன் வேண்டவே வேண்டாம். சூட்டில் பித்தளை இளகும். அடிப்பாகம் இளகினால் .308-இன் 62,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தத்தைத் தாங்குமா? கை முகம் எல்லாம் போகும்.

அளவுகோல்:
அடிப்பாகம் இளகக் கூடாது என்பது நூற்றுக்கு நூறு சரி ஐயா. ஆனால் 200 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 93 செல்சியஸில் அது நடக்காது. 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த இந்தப் பித்தளை கண்ணுக்குத் தெரியும்படி இளக 250 செல்சியஸுக்கு மேல் போக வேண்டும். நான் அவனை வேண்டாம் என்பதற்கு வேறு காரணங்கள் உண்டு. வீட்டு அவன் குறித்த அளவில் நிற்காது, சூடாக்கும் கம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் தட்டு இன்னும் அதிகம் சுடும். ஈயம் பட்ட சாமானை ரொட்டி சுடும் இடத்தில் வைக்கவும் கூடாது. பழம் உலர்த்தும் மின்பெட்டி ஒன்றை இதற்கென்றே வாங்கிக்கொள்ளுங்கள். 150, 160 ஃபாரன்ஹீட்டில் இரண்டு மணி நேரம் போதும்.

பீனிக்ஸ்காரன்:
எங்கள் ஊரில் ஜூன் மாதம் வடகம் காய்கிற வேகத்தில் கூடும் காய்ந்துவிடும். ஹூஸ்டன் ஈரக் காற்றில் ஒரு மதிய வெயிலை நம்பியிருக்கக் கூடாது. கடைசி அலசலை வெந்நீரில் செய்தால் கூடு சூடேறி சீக்கிரம் உலரும்.

சோளக்கட்டை:
அமிலத்தைப் பற்றி யாரும் எச்சரிக்கவில்லையே. ஊரில் அம்மா குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்ததும் உடனே கழுவிவிடுவார். விட்டுவைத்தால் செம்பு நிறம் ஏறிவிடும். கூடு இளஞ்சிவப்பாக மாறுவதும் அதுவேதான், மேல்பரப்பில் துத்தநாகம் கரைந்து செம்பு தெரிகிறது. மூன்று மணி நேரத்துக்கு எவ்வளவு போட்டீர்கள் தம்பி?

ஹூஸ்டன்வாசி:
ஒரு மேசைக்கரண்டி. சில கூடுகள் லேசாகச் சிவந்துதான் இருந்தன.

அளவுகோல்:
அரைத் தேக்கரண்டிக்கும் கீழே போதும். லேசான சிவப்பு மேலோடு நின்றுவிடும். அமோனியா கலந்த பாலிஷ் மட்டும் பக்கத்திலேயே வரக் கூடாது. பிரிட்டிஷ் காலத்தில் இந்தியாவில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்கள் மழைக்காலத்தில் தானாகவே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அமோனியா, ஈரக் காற்று, கூட்டை உருவாக்கும்போது பித்தளையில் தங்கிய உள்ளிறுக்கம் மூன்றும் சேர்ந்த வேலை அது என்று 1921-இல்தான் விளக்கம் கிடைத்தது.

சோளக்கட்டை:
அந்த மின்பெட்டியில் தட்டு எத்தனை? ஒரு தடவைக்கு எத்தனை .308 பிடிக்கும்? நான் மாறப்போவதில்லை. மருமகன் புதிதாக ஆரம்பிக்கிறார், வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

அளவுகோல்:
ஐந்து தட்டு ஐயா. ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பரப்பினால் 300 தாராளம். பிரைமரை முதலில் தட்டச் சொல்லுங்கள்.