கிட்னி மாத்தி 14 மாசம், கிரியாட்டினின் ஏறுது, டோனர் டிஎன்ஏ டெஸ்ட் எடுக்கலாமா?

பெரம்பூர்_அண்ணன்:
எல்லாருக்கும் வணக்கம். தம்பிக்கு 27 வயசு, அம்மா கிட்னி குடுத்து ஆபரேஷன் ஆகி இப்போ 14 மாசம். இத்தன நாளும் கிரியாட்டினின் (கிட்னி சரியா வடிகட்டலன்னா ரத்தத்துல ஏறுற கழிவு) 1.2, 1.1, 1.2னு நூல் புடிச்ச மாதிரி போயிட்டு இருந்துச்சு, போன வாரம் திடீர்னு 1.5. யூரின் நல்லா போகுது, கால் வீக்கம் இல்ல, காய்ச்சல் இல்ல, ஆளு ஜாலியா கிரிக்கெட் பார்த்துட்டு இருக்கான், நாங்க தான் தூங்கல. டாக்டர் டாக் லெவல் (உடம்பு புது கிட்னிய எதிர்க்காம இருக்க போடற டாக்ரோலிமஸ் மாத்திரை ரத்தத்துல எவ்ளோ இருக்குன்னு பார்க்கறது) எழுதி குடுத்துட்டு, கிரியாட்டினின் இறங்கலன்னா கிட்னில துளி சதை எடுத்து பயாப்ஸி பார்க்கலாம்னு சொல்லிட்டாரு. பயாப்ஸின்னதும் அம்மா, நான் குடுத்த கிட்னில ஊசி குத்துவாங்களாடான்னு ஒரே அழுகை. நடுவுல சொந்தக்காரர் ஒருத்தர், ஊசியே வேணாம், ரத்தத்துல டோனரோட டிஎன்ஏ எவ்ளோ இருக்குன்னு பார்த்தா, உடம்பு புது கிட்னிய ஏத்துக்காம எதிர்க்கற ரிஜெக்‌ஷன் தெரிஞ்சுடும்னு ஒரு லேப் ஆள் நம்பர் குடுத்தாரு. ரேட்ட கேட்டு தல சுத்துச்சு, ஆனா உண்மையிலேயே பிரயோஜனம்னா கடன் வாங்கியாச்சும் எடுத்துடலாம்னு இருக்கோம். யாராச்சும் எடுத்திருக்கீங்களா?

ரெண்டாவது_இன்னிங்ஸ்:
ப்ரோ எனக்கு மாத்தி 9 வருஷம் ஆச்சு. அந்த டெஸ்ட் இருக்கட்டும், மொதல்ல ரெண்டு கேள்வி. டாக் லெவலுக்கு ரத்தம் குடுக்கறப்போ தம்பி காலை மாத்திரை போட்டுட்டு போனானா போடாம போனானா? அந்த வாரம் வயிறு ஏதாச்சும் கலக்குச்சா?

ஏன் கேக்கறேன்னா, மொத வருஷம் நான் பண்ண கூத்து அப்படி. எனக்கு காலைல 9, ராத்திரி 9. லேப்ல கூட்டம், டோக்கன வெச்சுட்டு உக்காந்திருக்கேன், 9 ஆனதும் பழக்க தோஷத்துல டப்பாவ தொறந்து முழுங்கிட்டேன், பத்தரைக்கு ரத்தம் எடுத்தாங்க. லெவல் 19னு வந்துச்சு, டாக்டர் பதறிப்போய் டோஸ குறைச்சாரு, பத்து நாள் கழிச்சு ஒழுங்கா எடுத்தா 3.8, அப்புறம் திரும்ப ஏத்தி, நடுவுல கிரியாட்டினின் வேற ஆட்டம் காட்டி, மூணு வாரம் வீட்ல எல்லாருக்கும் சோறு இறங்கல. ராத்திரி போட்டு 12 மணி நேரம் கழிச்சு, அடுத்தத போடறதுக்கு முன்னாடி எடுக்கற லெவலுக்கு தான் அர்த்தம். இப்போல்லாம் மாத்திரைய ஒரு பேப்பர்ல மடிச்சு சட்டை பாக்கெட்ல வெச்சுக்குவேன், கைல பஞ்ச வெச்சு பிளாஸ்திரி ஒட்டின அப்புறம் தான் பிரிக்கறது.

அப்புறம் எப்பவும் ஒரே லேப்ல எடுங்க, மெஷினுக்கு மெஷின் லெவல் வேற வேற காட்டும். முந்தின நாள் மட்டன வெட்டு வெட்டுனு வெட்டிட்டு போனாலும் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறும், அதுவும் எனக்கு நடந்திருக்கு, அத விடுங்க.

லேப்_அக்கா:
நான் லேப்ல தான் வேலை பார்க்கறேன், இந்த டெஸ்ட் விக்கற லேப் இல்ல. கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்கோங்க.

உடம்புல செல் சாகறப்போ அதோட டிஎன்ஏ துண்டு துண்டா ரத்தத்துல கலக்கும். புது கிட்னி அம்மாவோடது, அதனால அந்த கிட்னி செல் அடி வாங்கினா அம்மாவோட டிஎன்ஏ தம்பி ரத்தத்துல கூடும். மொத்தத்துல அது எத்தன சதவீதம்னு பார்க்கறது தான் டெஸ்ட். சில மணி நேரத்துக்குள்ளயே ரத்தத்துல இருந்து பெரும்பாலும் காணாம போயிடும், அதனால இப்போ என்ன நடக்குதோ அதத்தான் காட்டும், அது நல்ல விஷயம். கிரியாட்டினின் அப்படி இல்ல, கிட்னிக்கு உள்ள நல்லா அடி விழுந்த அப்புறம் தான் மெதுவா ஏறும்.

ஆனா 2017ல அமெரிக்கால பயாப்ஸியோட ஒப்பிட்டு பார்த்தப்போ, 1%க்கு மேல வந்தவங்கள்ல 61% பேருக்கு தான் நிஜமா ரிஜெக்‌ஷன் இருந்துச்சு. கீழ வந்தவங்கள்ல 84% பேருக்கு இல்ல, அப்போ மிச்ச 16% பேருக்கு இருந்திருக்கு பாருங்க. ஆன்டிபாடியால, அதாவது ரத்தத்துல உண்டாகற எதிர்ப்பு புரோட்டீனால வர்ற ரிஜெக்‌ஷன நல்லா புடிக்கும், டி செல்ங்கற வெள்ளை அணுவால வர்ற லேசான ரிஜெக்‌ஷன கோட்டை விடும்.

இன்னொன்னு, பிகே வைரஸ் கிட்னில வந்தாலும் இந்த சதவீதம் ஏறலாம், கிரியாட்டினினும் ஏறும். ரிஜெக்‌ஷன்னா எதிர்ப்பு சக்திய அடக்கற மருந்த கூட்டணும், பிகேன்னா குறைக்கணும். ஒரே நம்பர், வைத்தியம் நேர் எதிர். அதனால பணம் கட்டறதுக்கு முன்னாடி டாக்டர்ட்ட ஒன்னே ஒன்னு கேளுங்க: ரிசல்ட் நல்லா வந்தா பயாப்ஸிய தள்ளி வெப்பீங்களா சார்? கிரியாட்டினின் இறங்கற வரைக்கும் மாட்டேன்னு சொல்லிட்டாருன்னா அந்த காசு தண்டம். யூரின் புரோட்டீன் ரேஷியோ, பிகே வைரஸ் இருக்கான்னு பார்க்கற பிகே பிசிஆர், டோனர் கிட்னிக்கு எதிரா ஆன்டிபாடி இருக்கான்னு பார்க்கற டிஎஸ்ஏ, இதெல்லாம் பார்த்தாச்சா?

சும்மா_படிக்கறவன்:
யூரின்லயே கண்டுபிடிக்கலாமே அக்கா? 2013ல மாணிக்கம் சுதந்திரன்னு நியூயார்க் டாக்டர், பேர பாருங்க நம்மாளு மாதிரியே இருக்கு, 485 பேரோட 4300 யூரின் சாம்பிள்ல ஆர்என்ஏ (ஜீன் வேலை செய்யறப்போ டிஎன்ஏல இருந்து எடுக்கற நகல்) பார்த்து ரிஜெக்‌ஷன் சொல்லலாம்னு காட்டினாரே, அது என்ன ஆச்சு?

லேப்_அக்கா:
நல்ல வேலை அது, ரிஜெக்‌ஷனுக்கு சில வாரம் முன்னாடியே ஏற ஆரம்பிச்சுதுன்னு காட்டினாங்க. ஆனா அந்த ஆர்என்ஏ ரொம்ப சீக்கிரம் கெட்டுப்போகும், நம்ம ஊர் வெயில்ல வண்டில ஒரு மணி நேரம் டிராஃபிக்ல நின்னா கதை முடிஞ்சுது. அதுக்கு பதிலா யூரின்ல சிஎக்ஸ்சிஎல்10னு ஒரு புரோட்டீன பார்க்கறாங்க, அது அவ்ளோ சீக்கிரம் கெடாது. ஆனா சுவிட்சர்லாந்துல அத வெச்சே ஆளுங்கள கண்காணிச்சு பார்த்துட்டு 2023ல ரிசல்ட் சொன்னாங்க, கண்காணிக்காத குரூப்ப விட ஒரு வருஷ முடிவுல பெரிய வித்தியாசம் இல்லையாம். மார்க்கர் ஏறுறது உண்மை, ஏறின அப்புறம் நாம பண்றது உதவுதாங்கறது தனி கேள்வி.

கொளத்தூர்_தோழி:
அண்ணா அம்மாகிட்ட சொல்லுங்க, எனக்கு ரெண்டு தடவ பயாப்ஸி பண்ணிருக்காங்க. மாத்தின கிட்னி அடிவயித்துல தோலுக்கு கிட்டயே இருக்கும், மரத்துப்போக ஊசி போட்டு ஸ்கேன்ல பார்த்துட்டே எடுப்பாங்க, டக்னு ஸ்டேப்ளர் அடிக்கற சத்தம், அவ்ளோ தான். அப்புறம் மல்லாக்க அசையாம படுத்திருக்கணும், அது தான் கொடுமை. மொத யூரின் லேசா சிவப்பா வந்தா பயப்படாதீங்க, ஆனா கட்டி கட்டியா வந்தா உடனே நர்ஸ கூப்பிடுங்க.

பெரம்பூர்_அண்ணன்:
இன்னிங்ஸ் அண்ணா, நீங்க ஜோசியமா பார்க்கறீங்க? தம்பிய உக்கார வெச்சு கேட்டேன். ரத்தம் மாத்திரைக்கு முன்னாடி தான் குடுத்திருக்கான். ஆனா அதுக்கு முன்னாடி வாரம் பெசன்ட் நகர் பீச்ல ஃபிரெண்ட்ஸோட பானிபூரி சாப்பிட்டு மூணு நாள் பேதி, எங்ககிட்ட மறைச்சிருக்கான்! டாக் லெவல் 13.6னு வந்துச்சு. பேதில குடல் உள்புறம் கெட்டுப்போய் மருந்து அதிகமா ரத்தத்துல ஏறிடுமாம், ஏறினா அதுவே கிட்னிய அடிக்குமாம், போதாததுக்கு தண்ணி வேற வத்திருக்குன்னாரு டாக்டர். டோஸ கொஞ்சம் குறைச்சிருக்காரு, யூரின் புரோட்டீன் நார்மல், பிகே இல்ல, டிஎஸ்ஏ ரிசல்ட் இன்னும் வரல. அக்கா சொன்ன கேள்விய அப்படியே கேட்டேன், சிரிச்சுட்டு, இப்போதைக்கு அந்த காச வெச்சுக்கோங்கன்னுட்டாரு.

இன்னைக்கு காலைல கிரியாட்டினின் 1.35. 1.2க்கு இன்னும் வரல, திங்கக்கிழமை திரும்ப எடுக்கணும். அம்மா தம்பிகிட்ட பேசறதையே நிறுத்திட்டாங்க, சாப்பாடு மட்டும் டொக்குனு வெச்சுட்டு போறாங்க.