4 மாட்டுக்கு எத்தனை கன மீட்டர் கோபர் கேஸ் கலன்? கொத்தனார் 4 என்கிறார்

தாராபுரத்தான்:
வணக்கங்க. 2025 ஏப்ரலில் சிலிண்டருக்கு 50 ரூபாய் ஏறி சென்னை விலை 868.50 ஆனதிலிருந்து வீட்டில் கோபர் கேஸ் (சாண எரிவாயு) பேச்சுதான். மாடு 4. அதில் 2 கலப்பினக் கறவை, கொட்டகையிலேயே தீனி. மற்ற 2 நாட்டு மாடு, பகலில் மேய்ச்சல். சமையல் 5 பேருக்கு. கரிசல் மண். "கட்டுறதே கட்டுறோம், 4 கன மீட்டராவே போட்டுடலாம்" என்கிறார் கொத்தனார். சரியா? பழைய எல்.பி.ஜி. அடுப்பே போதுமா? மிச்ச வாயுவில் 5 ஹெச்.பி. டீசல் இன்ஜின் ஓடுமா?

சாணிக்கணக்கு:
மாட்டை எண்ணாதீங்க, சாணியை நிறுத்துப் பாருங்க. ஒரு கிலோ பச்சைச் சாணிக்கு சுமார் 40 லிட்டர் வாயு. 1 கன மீட்டருக்கு தினம் 25 கிலோ, 4 கன மீட்டருக்கு 100 கிலோ வேண்டும். கொட்டகையில் கட்டித் தீனி போடும் கறவை ஒன்று தினம் 12, 13 கிலோ போடும். மேயப் போகும் மாட்டின் சாணியில் பாதி காட்டிலேயே விழுந்துவிடும், கொட்டகையில் 5 கிலோ கிடைத்தால் பெரிது. ஆக உங்களுக்கு 35 கிலோ, அதாவது 1.4 கன மீட்டர். ஒரு ஆளுக்குச் சமைக்க 0.25 முதல் 0.3 கன மீட்டர் என்றால் 5 பேருக்கு அதுவே சரியாகிவிடும். கொஞ்சம் கூட்டி 2 கன மீட்டர் கட்டுங்க, 4 வேண்டாம்.

1 கன மீட்டர் சுமார் 0.45 கிலோ எல்.பி.ஜி.க்குச் சமம். உங்களுக்கு நாளைக்கு 0.63 கிலோ வரும், 22 நாளில் ஒரு சிலிண்டர் அளவு. ஆனால் மாதம் ஒரு சிலிண்டர்தான் எரிக்கிறீங்க என்றால் மிச்சமும் அந்த ஒன்றின் விலைதான். கடன் வாங்கிக் கட்டும் முன் இதைக் கணக்கில் வையுங்க.

இன்ஜினை மறந்துடுங்க. டீசலோடு கலந்து ஓட்டினாலும் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு அரை கன மீட்டர் போகும். 5 ஹெச்.பி.யை ஒரு மணி நேரம் ஓட்ட 2.5 கன மீட்டர். உங்கள் ஒரு நாள் வாயு அரை மணிக்குத்தான் வரும்.

மேஸ்திரி_கரூர்:
தீனபந்து மாடல் (1984-இல் அஃப்ரோ என்ற தொண்டு அமைப்பு கொண்டுவந்தது; வாயு சேரும் மேல்பகுதி அசையாத செங்கல் கவிகை, அதாவது டூம்) என்றால் பணமெல்லாம் கவிகையின் உள்பூச்சில்தான் இருக்கு. செங்கல் தட்டினால் 'டங்' என்று கேட்கணும். கட்டும் முன் நன்றாக நனைத்து வையுங்க, இல்லையென்றால் சாந்தின் தண்ணியைச் செங்கல் குடித்துவிடும். உள்பூச்சு 1:3 (சிமெண்ட் 1, மணல் 3), அதன்மேல் சிமெண்ட் பால், காய்ந்ததும் கறுப்பு எனாமல். ஊசித்துளை இருந்தாலும் வாயு போகும், தண்ணி கசியாத இடத்தில்கூட.

கரிசல் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். குழியைச் சுற்றி ஒரு அடி கூடுதலாகத் தோண்டி, அந்த இடைவெளியில் மணல் நிரப்புங்க. அதுவும் சுற்றிலும் ஒரே மட்டமாக, தண்ணி ஊற்றி ஊற்றி. ஒரு பக்கமாகத் தள்ளினால் கவிகையில் விரிசல் விழும், அதைப் பிறகு பூசி அடைப்பது நடக்காத காரியம். கிணற்றிலிருந்து 15 மீட்டராவது தள்ளிப் போடுங்க.

கசிவுச் சோதனை இல்லாமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீங்க. வாயு வால்வைத் திறந்துவைத்துத் தண்ணி நிரப்பத் தொடங்கி, கவிகை அடிவரை வந்ததும் மூடி, வெளித்தொட்டி நிறையும் வரை ஊற்றுங்க. முதல் நாள் மட்டம் இறங்கும், அது செங்கல் குடிப்பது. அடுத்த நாளும் இறங்கினால் கசிவு. சோப்பு நுரையை வால்விலும் குழாய் வெளிவரும் இடத்திலும் தடவிப் பாருங்க.

மிதக்கும்_டிரம்:
கவிகை கட்டிப் பழகாத கொத்தனாரிடம் தீனபந்து கொடுப்பது ஆபத்து. டிரம் மாடலில் (கரைசல் மேல் கவிழ்த்த டிரம் மிதக்கும், வாயு அதில் சேரும்) எவ்வளவு வாயு இருக்கு என்று டிரம் உயரமே சொல்லும், அழுத்தமும் மாறாது. இரும்பு டிரம் என்றால் வருஷா வருஷம் பெயிண்ட் அடிக்கணும். ஃபைபர் டிரம் துருப்பிடிக்காது, விலைதான் கூட. பை மாடல் (கலனே ஒரு பெரிய பிளாஸ்டிக் பை) பக்கம் போகாதீங்க, எலியும் வெயிலும் விடாது.

சாணிக்கணக்கு:
கொத்தனார் பற்றிச் சொன்னது சரி. அவர் முன்பு கட்டி இப்போதும் எரியும் கலன் ஒன்றைப் போய்ப் பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்க. மானியம் வேண்டுமென்றால் குழி தோண்டும் முன்பே வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கேளுங்க.

அடுப்பு: எல்.பி.ஜி. அடுப்பு ஒத்துவராது. அது சுமார் 30 மில்லிபார் அழுத்தத்தில் வேலை செய்யும், சாண எரிவாயு அடுப்பு அதைவிடக் குறைந்த அழுத்தத்துக்கு அமைத்தது. ஜெட்டை (வாயு வரும் சின்னத் துளை) துளைத்துப் பெரிதாக்கினாலும் பர்னரை விட்டுச் சுடர் எழும்பி அணையும், இந்த வாயு மெதுவாக எரிவது. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள சாண எரிவாயு அடுப்பே வாங்குங்க. நுனி மஞ்சளானால் காற்று போதவில்லை, சுடர் தாவினால் காற்று அதிகம்.

குழாய்: கலன் பக்கம் சரிவு, மீட்டருக்கு 1 செ.மீ. எங்காவது தொய்ந்தால் அங்கே ஒரு தண்ணி வடிகால் குழாய். சுடர் விட்டுவிட்டுத் துடித்தால் குழாயில் தண்ணி தேங்கியிருக்கு.

முதல் நிரப்பு: சுமார் 2,000 கிலோ சாணி, அதே அளவு தண்ணி. உங்களிடம் சேர இரண்டு மாதம் ஆகும், அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கிடுங்க. ஓடும் கலனிலிருந்து 10, 15 பக்கெட் கரைசல் கொண்டுவந்து ஊற்றினால் சீக்கிரம் பிடிக்கும். முதலில் வருவது எரியாது, திறந்துவிடுங்க. பற்றுகிறதா என்று அடுப்பில்தான் பார்க்கணும், கலன் வாயில் தீக்குச்சி கூடாது.

தாராபுரத்தான்:
மூணு நாள் நிறுத்துப் பார்த்தேன்: 33, 36, 34. அப்போ 2 கன மீட்டர்தான். சோறு, குழம்பு மிச்சத்தைப் போடலாமா?

சாணிக்கணக்கு:
ஓட ஆரம்பித்து ஒரு மாதம் கழித்து, அரை கிலோவில் தொடங்கி 2 கிலோ வரை. அதற்கு மேல் போனால் கரைசல் புளிக்கும். அடையாளம்: வாயு நிறைய வரும், அடுப்பில் பற்றாது. உடனே ஊற்றுவதை 4, 5 நாள் நிறுத்தி, கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணி விட்டு, பிறகு சாணி மட்டும். எலுமிச்சைத் தோல், முட்டை ஓடு வேண்டாம். கொட்டகை கழுவிய ஃபினாயில் தண்ணியும், மடிவீக்கத்துக்கு ஊசி போட்ட மாட்டின் சாணியும் கலவைத் தொட்டிக்கு வரக்கூடாது. ஒரு முறை வாயு உண்டாக்கும் நுண்ணுயிர் செத்தால் மறுபடி பிடிக்க வாரக்கணக்கில் ஆகும்.

மேஸ்திரி_கரூர்:
கலனுக்குள் இறங்க வேண்டி வந்தால் மூடியைத் திறந்து, கரைசலை வெளியேற்றி, சில நாள் காற்றாட விட்டு, ஊதுகாற்றும் அடித்த பிறகுதான். இடுப்பில் கயிறு, மேலே இரண்டு ஆள். தனியாக யாரும் இறங்கக்கூடாது.