புதுச்சேரி பழைய வீட்டில் மெட்ராஸ் டெரஸ் ஒழுகுகிறது, இடித்துவிட்டு கான்கிரீட் போடலாமா?

திண்ணைவீடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் இருக்கிறது. தாத்தா வாங்கும்போதே பழைய வீடுதான். தெருப் பக்கம் தாழ்வாரமும் திண்ணையும், உள்ளே முற்றத்தைச் சுற்றிச் சீமை ஓடு (மங்களூர் ஓடு), மாடி அறைக்கு மேலே மெட்ராஸ் டெரஸ், அதாவது தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட தட்டைக் கூரை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் இங்கே கரை கடந்தபோது அந்த அறையில் சுவரை ஒட்டித் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது, அதிலிருந்து சின்ன மழைக்கும் சொட்டுகிறது. பார்க்க வந்த மேஸ்திரி ஐந்து நிமிடம் அண்ணாந்து பார்த்துவிட்டு, மொத்தத்தையும் இடித்து கான்கிரீட் போட்டுவிடலாம், முற்றத்து ஓட்டையும் எடுத்துவிட்டுத் தகரம் அடித்துவிடலாம் என்றார். அம்மாவுக்கோ பயம். "கடற்கரைச் சாலையில மேரி கட்டடமே, அந்தப் பழைய நகராட்சிக் கட்டடமே மழையில விழுந்துச்சே, நம்ம வீடு எம்மாத்திரம்" என்கிறார். அவர் சொல்வதும் தப்பில்லை, 2014-இல் அது இடிந்து கிடந்ததை நாங்கள் எல்லோரும் போய்ப் பார்த்தோம். ஆனால் அந்தத் தேக்குக் கட்டைகளை எண்ணிக்கொண்டே தூங்கி வளர்ந்தவள் நான், இடிக்க மனசு வரவில்லை. இதைச் சரிசெய்ய முடியுமா, முடியாதா?

கொத்தனார் மகன்:

முடியும் அக்கா. அவசரப்பட்டு இடிக்காதீர்கள். முதலில் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று பாருங்கள். மொட்டைமாடிக்குப் போய்க் கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் இடம், தண்ணீர் வெளியேறும் குழாய் வாய், தட்டோட்டு (தளத்தின் மேல் பதிக்கும் தட்டையான ஓடு) இடுக்கு, இந்த மூன்றையும் உட்கார்ந்து பொறுமையாகப் பாருங்கள், எங்காவது அரசங்கன்று முளைத்திருந்தால் அதன் வேர் தளத்துக்குள் போயிருக்கிறதா என்றும் பாருங்கள். சுவரை ஒட்டிச் சொட்டுகிறது என்கிறீர்கள், அதனால் எனக்குக் கைப்பிடிச் சுவர் மேல்தான் சந்தேகம்.

அடுத்து கீழே வந்து ஏணி போட்டு, ஒவ்வொரு கட்டையையும் திருப்புளியால் குத்திப் பாருங்கள். நடுவில் குத்தினால் 'டக்' என்று நிற்கும், அங்கே தேக்கு லேசில் கெடாது. சுவருக்குள் நுழையும் இடத்தில், கடைசி ஒரு சாண் அளவில் குத்துங்கள். அங்கேதான் ஈரம் தேங்கும், கறையானும் அரிக்கும். ரொட்டியில் இறங்குவதுபோல திருப்புளி இறங்கினால் அந்தக் கட்டை போய்விட்டது. அதை மட்டும் கீழே முட்டுக் கொடுத்து மாற்றலாம். பழைய வீடு பிரித்த தேக்கு கிடைத்தால் அதையே வாங்குங்கள், புது மரம்போல அது வளைந்து முறுக்காது. சுவருக்குள் போகும் முனையைச் சுற்றிக் கொஞ்சம் காற்று இடைவெளி விடச் சொல்லுங்கள், சிமெண்டை வைத்து அடைக்க விடாதீர்கள்.

பாதிக்கு மேல் கெட்டிருந்தால்தான் தளத்தைப் பிரிக்க வேண்டும், அப்போதும் பழையபடியே போடலாம். கட்டை மேல் அச்சுக்கல்லை (சின்ன, மெல்லிய செங்கல்) குத்துக்கல்லாக, மூலைவாட்டில் சுண்ணாம்பில் அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி அடிப்பார்கள். என் அப்பா வேலை செய்த இடத்தில் பெண்கள் வரிசையாகக் குந்தி, கையில் சின்னப் பலகையோடு நாள்கணக்கில் அடிப்பதைப் பார்த்திருக்கிறேன். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அடிப்பார்கள். பலகை பதியாமல் துள்ளி எழும்பினால்தான் அப்பா போதும் என்பார். அதற்கு மேல் இரண்டு வரிசை தட்டோடு. பதினைந்து நாளில் முடிகிற வேலை இல்லை, ஆனால் பொறுத்துச் செய்தால் உங்கள் பேரப்பிள்ளை காலத்துக்கும் நிற்கும்.

இன்னொன்று, உங்கள் தெருவில் பல வீட்டுக்குப் பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர்தான். கான்கிரீட் போடுவதற்காக இடிக்கும் அதிர்ச்சி அவர்கள் சுவருக்கும் போகும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

முத்தியால்பேட்டை வாசி:

மேலே சொன்னது அத்தனையும் சரி. நான் பட்டதைச் சொல்கிறேன். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்த பிறகு எங்கள் டெரஸும் ஒழுகியது, ஒரு ஒப்பந்தக்காரர் மேலே இரண்டு அங்குலம் சிமெண்ட் பூசி அதற்கு மேல் ரப்பர் பெயிண்டும் அடித்துக் கொடுத்தார். மூன்று வருடம் ஒரு சொட்டு இல்லை, எங்களுக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் அறையில் பூசண வாடை. கைப்பிடிச் சுவர் விரிசலில் இறங்கிய தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை, சுண்ணாம்புத் தளமாகவே விட்டிருந்தால் வெயிலில் ஆவியாகிப் போயிருக்கும். ஒரு நாள் ராத்திரி இரண்டு அச்சுக்கல் கட்டிலில் வந்து விழுந்தது, மகள் அப்போதுதான் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தாள். இன்றைக்கும் நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. பிரித்துப் பார்த்தால் கட்டை முனைகள் கரும்புச் சக்கைபோல இருந்தன. தயவுசெய்து சுண்ணாம்பு மேல் சிமெண்ட் பூச விடாதீர்கள்.

அந்த அறையில் இப்போது யாரையும் படுக்க விடாதீர்கள். இதை முதலில் செய்யுங்கள்.

ஓட்டுக்காரர்:

முற்றத்து ஓட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. தகரம் போட்டால் வெயிலில் உள்ளே இருக்க முடியாது, மழைச் சத்தத்தில் பேசவும் முடியாது. சீமை ஓட்டில் பெரும்பாலும் கெடுவது ஓட்டைத் தாங்கும் மரச்சட்டமான ரீப்பர்தான், ஓடு இல்லை. ஓட்டைப் பிரிக்கும்போது ஒவ்வொன்றாகச் சுண்டிப் பாருங்கள், கணீர் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், சொத்தென்றால் விரிசல். உடைந்ததற்குப் புது ஓடு வாங்கும் முன் ஓட்டின் அடியில் இருக்கும் அச்சைப் பாருங்கள், கம்பெனிக்குக் கம்பெனி பள்ளம் மாறும், ஒன்றோடொன்று கவ்வாது, அந்த இடைவெளியில் திரும்ப ஒழுகும். அதே அச்சு பழைய ஓட்டுக் கடைகளில் தேடினால் கிடைக்கும். ஒரு சதுர மீட்டருக்குப் பதினைந்து ஓடு கணக்கு, கொஞ்சம் கூடவே வாங்கி வையுங்கள்.

தெரு முகப்பில் கைவைப்பதாக இருந்தால் நகர அமைப்புக் குழுமத்தில் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பில் இந்த வீடுகளைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். வைசியாள் வீதி சீரமைப்புக்கு 2008-இல் யுனெஸ்கோ விருது கிடைத்ததே, அதில் வேலை பார்த்தவர்கள். அந்த வீதிக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள், அம்மாவையும் கூட்டிப் போங்கள்.

திண்ணைவீடு:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஏணி போட்டுப் பார்த்தோம். பதினொரு கட்டையில் இரண்டில் மட்டும்தான் திருப்புளி இறங்கியது, இரண்டும் தெற்குச் சுவர்ப் பக்கம். மேலே அதே இடத்தில் கைப்பிடிச் சுவர் ஓரமாக ஒரு முழ நீளம் விரிசல், அதில் ஒரு அரசங்கன்று. கட்டிலைக் கீழே இறக்கிவிட்டோம். மேஸ்திரியிடம் வேண்டாம் என்று சொல்லியாயிற்று. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் யாராவது இருந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள், ஐப்பசி மழைக்குள் முடிக்கப் பார்க்கிறேன்.