கலைச்சொல் வேண்டும்: பழைய வாள் நூல்களை 'இப்படித்தான்' என்று ஆடிக் காட்டுவது விளக்கமா, உரையா, பொருள்கோளா?

மொழிபெயர்ப்பாளர், சென்னை

குழுவினருக்கு வணக்கம்.

ஒரு மாத இதழுக்காக ஐரோப்பாவின் பழைய வாட்கலை பற்றிய நீண்ட கட்டுரை ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளி மாலைக்குள் அனுப்ப வேண்டும். மற்ற சொற்களை எப்படியோ சமாளித்துவிட்டேன். கட்டுரை முழுவதையும் தாங்கும் ஒரே ஒரு சொல்லுக்குத்தான் தமிழ் அகப்படவில்லை.

விஷயம் இது. 14 முதல் 16ஆம் நூற்றாண்டு வரை ஜெர்மானிய, இத்தாலிய ஆசான்கள் எழுதிய சண்டை நூல்கள் பல இன்றும் இருக்கின்றன. ஆனால் அவற்றைக் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்த பரம்பரை அறுந்துவிட்டது. லீட்ஸ் நகரில் ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தில் உள்ள ஐ.33 என்ற ஏடுதான் கிடைத்தவற்றில் மிகப் பழையது. 1300களின் தொடக்கத்தைச் சேர்ந்தது. 32 தோல் இலைகள். ஒரு பாதிரியாரும் அவர் மாணவனும் வாளும் சிறுகேடயமுமாக நிற்கும் படங்கள், கூடவே லத்தீன் வரிகள். கடைசிப் பக்கங்களில் மாணவன் நின்ற இடத்தில் வால்புர்கிஸ் என்ற பெண் வாளோடு நிற்கிறாள்.

ஒரு படத்தில் ஒரு கணம்தான் தெரியும். அடுத்த படத்துக்குக் கால் எப்படி நகர்ந்தது, மணிக்கட்டு எந்தப் பக்கம் திரும்பியது என்பதெல்லாம் பெரும்பாலும் சொல்லப்படவில்லை. இன்று பயில்கிறவர்கள் வரியைப் படித்து, படத்தைப் பார்த்து, வாளைக் கையில் எடுத்து ஆடிப் பார்த்து, "இது இப்படி இருந்திருக்க வேண்டும்" என்ற முடிவுக்கு வருகிறார்கள். அந்த வேலைக்கும் அதில் கிடைக்கும் முடிவுக்கும் மூலத்தில் ஒரே பெயர். நான் 'விளக்கம்' என்று எழுதிக்கொண்டே போனேன். அப்புறம் இந்த வாக்கியம் வந்தது: "நூலில் விளக்கம் இல்லை, நம்மிடம் இருப்பது விளக்கம் மட்டுமே." மூலத்தில் இரண்டும் வேறு வேறு சொற்கள். தமிழில் பொருளே கெட்டுவிட்டது. உதவுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருநெல்வேலி

அன்புள்ள அம்மா,

சொல் நம் வீட்டிலேயே இருக்கிறது: பொருள்கோள். நூலில் சொற்கள் கிடக்கின்றன. அவற்றை எப்படி எடுத்துப் பொருள் கொள்வது என்பது படிக்கிறவன் வேலை. 'கோள்' என்பது கொள்ளுதல். கொள்கிறவன் ஒருவன் இருக்கிறான் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'விளக்கம்' என்றால் விளக்கு வைத்தாற்போல ஐயம் தீர்ந்துவிட்டது என்று ஆகிவிடும். நீங்கள் சொல்லும் இடத்தில் ஐயம் தீரவில்லையே.

நாளிதழ் உதவி ஆசிரியர், மதுரை

ஐயா சொன்னது அழகு. ஆனால் பொருள்கோள் என்ற சொல்லைத் தமிழ் இலக்கியம் படித்தவர் தவிர யார் கேட்டிருப்பார்கள்? பவானி தேவி ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றபோது தமிழ்ச் செய்தித்தாள்கள் எல்லாம் 'வாள்வீச்சு வீராங்கனை' என்றுதான் எழுதின. அந்த விளையாட்டில் குத்தும் உண்டே, வீச்சு மட்டும்தானா என்று யாரும் நிறுத்திக் கேட்கவில்லை. வாசகனுக்குப் புரிந்தது, சொல் நின்றுவிட்டது. இங்கேயும் 'புரிதல்' என்று போடுங்கள். "இந்த வெட்டைப் பற்றி மூன்று புரிதல்கள் உள்ளன." என்ன குறை?

நெடுவாள் பயில்பவர், ஜேர்மனி

எல்லோருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்துக்காரன், ஜேர்மனியில் நெடுவாள் பயில்கிறேன். இந்தக் குழுவில் எழுதுவது குறைவு. இது நான் செய்கிற வேலை என்பதால் சொல்கிறேன்.

'புரிதல்' போதாது. புரிதல் மனதுக்குள் இருக்கலாம். நாங்கள் செய்வதை எதிரே நிற்கிறவன் மீது செய்து காட்டவேண்டும். ஒரு உதாரணம்.

ஜேர்மன் மரபின் முதல் ஆசான் என்று சொல்லப்படுபவர் யோகான்னஸ் லீக்டெனாவர், 14ஆம் நூற்றாண்டு. அவர் பேரில் இருப்பது சிறு சிறு எதுகைச் செய்யுள்களாலான ஒரு பாடம். கண்டவனுக்கும் கலை போய்ச் சேரக்கூடாது என்பதற்காக மறைத்த சொற்களில் பாடினார் என்று பின்னால் வந்தவர்களே எழுதுகிறார்கள். அதில் ஐந்து முக்கிய வெட்டுகள். முதலாவது 'சோர்ன்ஹவ்', சினவெட்டு. அதற்குரிய வரியின் கருத்து: மேலிருந்து வெட்டுகிறவனைச் சினவெட்டின் முனை அச்சுறுத்தும். அவ்வளவுதான். 15ஆம் நூற்றாண்டில் ரிங்கெக் முதலியோர் இதற்கு உரை எழுதினார்கள்: அவன் தன் வலப்பக்கமிருந்து மேலே வெட்டினால் நீயும் உன் வலத்தோளிலிருந்து பலமாக வெட்டு, வாளோடு வாள் சேர்ந்த இடத்தில் அவன் இளக்கமாக இருந்தால் முனையை நேரே முகத்துக்கோ மார்புக்கோ செலுத்து.

உரையைப் படித்தால் விளங்கிவிட்டது போலிருக்கும். வாளை எடுத்தால்தான் கேள்விகள் வரும். வெட்டும்போதே முனை அவன் முகத்துக்கு நேரே இருக்கவேண்டுமா, வாள் மோதிய பிறகு முனையைத் திருப்புவதா? முதலாவது ஒரே அசைவு, இரண்டாவது இரண்டு அசைவு. நான் வெட்டுவது அவன் வாளையா, அவன் தலையையா? இரண்டு விதமாகவும் ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். முகமூடி, தடித்த அங்கி போட்டுக்கொண்டு, முனையில் வளையும் பயிற்சி வாளால், எதிரி விட்டுக்கொடுக்காமல் நிற்கும்போது செய்து பார்க்கிறோம். இரண்டுமே வேலை செய்யும். அப்போதும் ரிங்கெக் எதை நினைத்தார் என்பது முடிவாகாது.

ஆகவே மூன்று அடுக்கு இருக்கிறது. லீக்டெனாவர் செய்யுள் ஒன்று, பழைய உரை இரண்டு, இன்று நான் ஆடிக் காட்டுவது மூன்று. கட்டுரையில் இவை மூன்றும் கலந்துவிடக்கூடாது. பிறகு, எங்களூரில் விளக்கம் என்றால் விளங்கப்படுத்துவது. மூன்றாவதை அப்படிச் சொன்னால், தெரிந்த ஒன்றைச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று ஆகும்.

இலக்கிய ஆய்வாளர், புதுச்சேரி

ஜெர்மனித் தம்பியின் மடல் கண்ணைத் திறந்தது. மறைத்த சொல்லில் பாடம், அதற்குப் பின்வந்தவர் உரை: இது நமக்குப் பழக்கப்பட்ட உலகம். தொல்காப்பியம் செய்யுளியலில் மறைமொழி வருகிறது. சித்தர் பாடல்களில் பரிபாஷை இருக்கிறது. மருந்தின் பெயரை நேரே சொல்லாமல் குழூஉக்குறியாகச் சொல்வார்கள். குருவிடம் கேட்காதவனுக்கு ஏடு கையில் இருந்தும் பயனில்லை. குரு போய்விட்டால் அந்த ஏடு என்ன ஆகும் என்பதுதான் இந்த வாள் நூல்களின் நிலை.

ஆனால் பொருள்கோளை நான் ஏற்கமாட்டேன். அது யாப்பில் கட்டுண்ட சொல். ஆற்றுநீர், மொழிமாற்று, நிரல்நிறை, விற்பூண், தாப்பிசை, அளைமறிபாப்பு, கொண்டுகூட்டு, அடிமறிமாற்று என்று நன்னூல் எட்டாக வகுத்திருக்கிறது. அங்கே அது செய்யுளின் சொற்களையும் அடிகளையும் எப்படிச் சேர்த்துப் படிப்பது என்பது பற்றி மட்டும்தான். அதன் தலையில் வாளையும் ஏற்றினால் பழைய பொருள் மங்கிப்போகும்.

மூன்றாவது அடுக்கும் உரைதான். ஏட்டில் எழுதாமல் உடம்பால் எழுதும் உரை. ஆகவே 'மெய்யுரை' என்கிறேன். மெய் என்றால் உடம்பு.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நச்சினார்க்கினியர் பத்துப்பாட்டுக்கு உரை எழுதும்போது எங்கோ இருக்கும் அடியை எங்கோ கொண்டுபோய் மாட்டி முடிப்பார். மறைமலையடிகள் அதைக் கடுமையாக மறுத்தார். இன்று வாள் நூல் படிக்கிறவர்களும் ஓர் ஏட்டில் விட்டுப்போனதை இன்னோர் ஏட்டிலிருந்து எடுத்து ஒட்டுவார்கள் என்று நினைக்கிறேன். அதற்கும் 'மாட்டு' என்று பெயர் வைக்கலாம்.

நாளிதழ் உதவி ஆசிரியர், மதுரை

மெய்யுரை என்று அச்சில் பார்க்கிறவன் உண்மையான உரை என்றுதான் படிப்பான். ஐயம் உள்ள இடத்தில் 'இதுவே உண்மை' என்று சொல்லும் சொல்லையா வைப்பது? விளக்கத்தைவிட மோசம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருநெல்வேலி

எட்டு வகை எனக்கும் தெரியும் அம்மா. சொல் வளர்வதைத் தடுக்க வேண்டாம் என்கிறேன்.

இன்னொரு காரணம் நேற்றிரவு தோன்றியது. பொரு என்ற வேரைப் பாருங்கள். பொருதல் போரிடுதல். போர் என்பதே பொரு என்பதிலிருந்து வந்தது. பொருநன் வீரன். அதே பொருநன் போர்க்களம் பாடும் கூத்தனும் ஆனான். பொருநராற்றுப்படை நமக்கு இருக்கிறது. அலை கரையைப் பொருகிறது, அதாவது வந்து மோதுகிறது. மோதுகிற இரண்டு தொட்டாக வேண்டும். அதனால் பொரு பொருந்து ஆயிற்று. சொல்லோடு பொருந்துவது பொருள். ஆக மோதல், தொடுதல், அர்த்தம் மூன்றும் ஒரே வேரில் நிற்கின்றன. தம்பி சொன்னாரே, வாளோடு வாள் சேர்ந்த இடம், அங்கே எதிரி இளக்கமா இறுக்கமா என்று உணர்வது. அந்த இடத்துக்குப் 'பொருவு' என்று பெயர் வைத்தால், பொருவில் நின்று பொருள்கொள்வது பொருள்கோள். வாட்கலைக்கென்றே பிறந்த சொல் போல இருக்கிறது!

மொழியியல் பேராசிரியர் (ஓய்வு), மைசூரு

ஐயா மன்னிக்கவும். பொருதலும் போரும் ஒரு குடும்பம், சரி. பொருந்துதலும் பொருளும் உறவு என்று சொல்லலாம். ஆனால் இரண்டு குடும்பத்தையும் ஒலி ஒப்புமை ஒன்றை மட்டும் வைத்து இணைக்க முடியாது. சொல் நல்லதாக இருந்தால் வேரின் துணை இல்லாமலே நிற்கும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருநெல்வேலி

ஒலி மட்டும் அல்ல, பொருளும் தொடர்கிறது. தனியே விரிவாக எழுதுகிறேன்.

சிலம்பம் பயிற்றுநர், கோவை

சொல் எதுவானாலும் சரி. நான் அந்த நூல்களின் படங்களைப் பார்த்தேன். ஃபியோரே தெய் லிபேரி என்ற இத்தாலிய ஆசானின் 15ஆம் நூற்றாண்டுத் தொடக்க ஏடு. பாடம் காட்டும் ஆசானுக்குத் தலையில் மணிமுடி, செய்து காட்டும் மாணவனுக்கு முழங்காலுக்குக் கீழே பட்டை, அந்தப் பிடியை முறிக்கிறவனுக்கு முடியும் பட்டையும் இரண்டும். யார் வெல்கிறார் என்று பார்த்தவுடனே தெரிகிறது. இவ்வளவு தெளிவாக வரைந்திருக்கிறார்கள். பல பிடிகள் மூட்டை மடக்கும் நம் பூட்டுகள் போலவே இருக்கின்றன. தெரியாத இடத்தைச் சிலம்பம் வைத்து நிரப்பிப் பார்க்கலாமே?

அப்புறம், கட்டுரையை மொழிபெயர்க்கும் அம்மா தன் வரைவில் வாளோடு நிற்கும் முறைக்குக் 'காப்பு' என்று போட்டிருப்பதாகச் சொன்னார். வேண்டாம். 'நிலை' போதும். அடிக்கக் காத்திருப்பவனும் அப்படித்தான் நிற்பான், காத்துக்கொள்பவன் மட்டுமல்ல.

நெடுவாள் பயில்பவர், ஜேர்மனி

நிலை மிகவும் சரி. லீக்டெனாவரின் நான்கு நிலைகளில், எருது நிலையில் வாளின் பிடி தலையருகே இருக்கும், முனை கொம்பு போல எதிரி முகத்தை நோக்கும். ஏர் நிலையில் பிடி இடுப்பருகே, முனை மேல்நோக்கி. இரண்டிலுமிருந்து உடனே குத்தலாம். காப்பு என்றால் பாதிதான் வரும். நான்காவதில் வாள் தலைக்கு மேலோ தோளிலோ இருக்கும். மூன்றாவது 'ஆல்பர்': முனை தரையைப் பார்க்க, அடிக்க வா என்று திறந்து நிற்பது. முட்டாள் என்று அர்த்தம்.

நிரப்புவது பற்றி அண்ணாவுக்கு ஒரு வார்த்தை. எல்லோரும் அதைத்தான் செய்கிறோம், அதுதான் பெரிய ஆபத்தும். இன்றைய விளையாட்டு வாள்வீச்சிலிருந்து வந்தவருக்கு ஏட்டில் அதுவே தெரியும், ஜப்பானிய கெண்டோ பயின்றவருக்கு அது தெரியும். உடம்பு தனக்குப் பழகியதையே படத்தில் காணும். மனித மூட்டு எங்கும் ஒன்றுதான், பூட்டுகள் ஒத்திருப்பதில் வியப்பில்லை. ஆனால் கால்வைப்பையும் காலக் கணக்கையும் சிலம்பத்திலிருந்து எடுத்தால் கிடைப்பது ஃபியோரே அல்ல, அண்ணாவின் சிலம்பம்தான். எடுத்தால், எடுத்தேன் என்று சொல்லிவிடவேண்டும்.

இலக்கிய ஆய்வாளர், புதுச்சேரி

ஆல்பருக்குப் 'பேதை நிலை' என்று யாரும் போட்டுவிடாதீர்கள். பேதை, பெதும்பை என்று தொடங்கும் பருவப் பெயர்களோடு குழம்பும். 'மடவோன் நிலை' சரியாக இருக்கும்.

நாளிதழ் உதவி ஆசிரியர், மதுரை

'ஏமாளி நிலை' என்று போட்டால் அனைவருக்கும் புரியும்.

நெடுவாள் பயில்பவர், ஜேர்மனி

அவன் ஏமாளி இல்லை, ஏமாளி போல நிற்கிறான்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை

அனைவருக்கும் நன்றி. இன்று வெள்ளி, முடிவு செய்தாக வேண்டியிருந்தது. இப்படி வைத்திருக்கிறேன்.

லீக்டெனாவரின் வரிகள் 'செய்யுள்'. 15ஆம் நூற்றாண்டு ஆசான்கள் அதற்கு எழுதியது 'உரை'. ஐயமில்லாமல் நூலே சொல்லும் இடத்தில் 'விளக்கம்'. இன்று பயில்கிறவர் படித்து ஆடி எட்டும் முடிவு 'பொருள்கோள்'. முதலில் வரும் இடத்தில் "ஏட்டைப் படித்து, ஆடிப் பார்த்து, இவர் கொண்ட பொருள்கோள்" என்று நீட்டி எழுதிவிட்டேன். வினையாக வரும் இடங்களில் 'பொருள் கொள்கிறார்' என்பது யாருக்கும் தடுக்காது. மதுரைக்காரரின் வாசகரும் அதை அன்றாடம் சொல்கிறவர்தான். சிக்கிய வாக்கியம் இப்போது இப்படி: "நூலில் விளக்கம் இல்லை; நம்மிடம் இருப்பது பொருள்கோள் மட்டுமே."

காப்பை நிலை என்று மாற்றிவிட்டேன். வாள்கள் சேரும் இடத்துக்குப் பொருவு வைக்கவில்லை, 'வாள் தொடுகை' என்று எழுதினேன். ஆல்பரை ஆல்பர் என்றே விட்டு, அருகில் பொருளைச் சொல்லிவிட்டேன்.

இலக்கிய ஆய்வாளர், புதுச்சேரி

பெரும்பான்மை அப்படியானால் சரி. என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். அடுத்த ஆண்டு ஒரு மாணவி தேர்வில் 'பொருள்கோள் எத்தனை வகைப்படும்' என்ற கேள்விக்குப் பதில் தேடி, இந்தக் கட்டுரையில் போய் நிற்பாள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருநெல்வேலி

நின்றால் படிக்கட்டும் அம்மா. பொரு என்னும் வேர் பற்றிய மடல் முடியும் நிலையில் இருக்கிறது, ஞாயிறன்று அனுப்புகிறேன். பேராசிரியர் அதைப் படித்துவிட்டு மறுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.