பள்ளி முதல்வர் அறையில் நடந்ததும் வகுப்பறையில் நடந்ததும்: மும்பைத் தமிழ் ஆசிரியர்களின் அனுபவப் பகிர்வு

டோம்பிவிலி, கணித ஆசிரியை

மூன்று லேட் மார்க் விழுந்தால் ஒரு சி.எல். (தற்செயல் விடுப்பு) போய்விடும் என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எனக்கு மூன்றாவது விழுந்த அன்று மும்ப்ராவுக்கும் தாணேவுக்கும் நடுவே வண்டி நின்றுவிட்டது. சயானில் இறங்கி ஓடி வந்து விரலை வைத்தபோது வருகைப்பதிவு இயந்திரம் 7.04 என்று காட்டியது. பத்தாம் வகுப்பில் கணக்கில் தேறுவார்களா என்று சந்தேகமாக இருந்த பதினொரு பிள்ளைகளுக்கு, பள்ளி விட்ட பிறகு முக்கால் மணி நேரம், ஜூலை முதல் நானாகவே பாடம் நடத்தி வந்தேன். யாரும் சொல்லிச் செய்ததல்ல. எந்தப் பதிவேட்டிலும் அது இல்லை.

முதல்வரிடம் போய் நின்றேன். அவர் திட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. கணினித் திரையை என் பக்கம் திருப்பி, "சிஸ்டம் எடுத்துக்கொண்டது டீச்சர், நான் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்றார். அதே திரையில், அடுத்த கட்டத்தில், நான் வெளியேறிய நேரங்களும் வரிசையாக இருந்தன: 2.10, 2.05, 2.15. பள்ளி விடுவது 1.15க்கு. அந்த வரிசையை அவர் பார்க்கவே இல்லை.

அன்று 1.15க்கு விரலை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் ஒரு பையன் படிக்கட்டில் என்னை நிறுத்தி, "டிரிக்னாமெட்ரி பாதியில் நிற்கிறதே, டீச்சர்" என்றான். உடம்பு சரியில்லை என்று சொன்னேன். ஆறு ஆண்டுகள் ஆகின்றன. லேட் மார்க் மறந்துவிட்டது, அந்தப் பொய் மறக்கவில்லை.

குர்லா, ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர்

சகோதரிக்கு நடந்தது அநியாயம்தான். ஆனால் இயந்திரத்தையோ கண்டிப்பையோ நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் தலைமையாசிரியை, தாமதமாக வந்தவர்களுக்கு மஸ்டரில் (வருகைப் பதிவேட்டில்) சிவப்புக் கோடு போடுவதில் ஒரு நிமிடமும் விட்டுக்கொடுக்காதவர். சாக்பீஸைக்கூட எண்ணித்தான் கொடுப்பார்.

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது என்பதைப் பிறகுதான் செய்தியில் தெரிந்துகொண்டோம். அன்று எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், மித்தி ஆற்றுத் தண்ணீர் தரைத்தளத்து பெஞ்சுகளுக்கு மேல் ஏறிவிட்டது என்பதுதான். மதிய ஷிப்ட் பிள்ளைகளை இரண்டாம் மாடிக்கு ஏற்றிய பிறகு, அந்த அம்மையார் ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, பிள்ளைகளிடம் கேட்ட அதே கேள்வியை எங்கள் ஒவ்வொருவரிடமும் கேட்டார்: "உங்கள் வீட்டில் யார் காத்திருப்பார்கள்?" என் தாயாருக்கு இரவில் இன்சுலின் போட ஆளில்லை என்றேன். அலுவலகத் தொலைபேசி விட்டுவிட்டு வேலை செய்துகொண்டிருந்தது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் என் பக்கத்து வீட்டு எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்தி, ஏறத்தாழ ஒன்பதரை மணிக்குத் தொடர்பு கிடைத்ததும், ஊசியின் அளவை என்னிடம் கேட்டு அவரே பேசினார்.

நவி மும்பையில் இதைவிட நல்ல சம்பளத்துக்கு இரண்டு முறை அழைப்பு வந்தது. நான் போகவில்லை. சிவப்புக் கோடு போட்டவரும் அவர்தான், அன்றிரவு தொலைபேசியை விடாமல் பிடித்திருந்தவரும் அவர்தான்.

செம்பூர், சூப்பர்வைசர்

முதல்வரின் இடத்திலிருந்தும் யாராவது பேச வேண்டும். ஒருவருக்கு விலக்கு அளித்தால் மறுநாள் ஸ்டாஃப் ரூமே வாசலில் நிற்கும். ஆனாலும் என் தவறையும் சொல்லிவிடுகிறேன்: நோட்டுத் திருத்தவில்லை என்று ஓர் ஆசிரியைக்கு எல்லார் முன்னிலையிலும் மெமோ கொடுத்தேன். அன்று முதல் ஒரு நோட்டும் அவரிடம் பாக்கி இருந்ததில்லை. ஆனால் ஆண்டு விழா, நாடகம், வினாடி வினா எதற்கும் அவர் மறுபடி கை தூக்கவில்லை.

சகோதரி செய்திருக்க வேண்டியது வேறு. தானாக நடத்தும் வகுப்பை முதல் நாளே ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வைத்திருக்க வேண்டும். எழுத்தில் இல்லாததை நிர்வாகம் பார்க்காது, பார்க்கவும் இயலாது. இரண்டாவதாக, எட்டாம் வகுப்பு வரை எடுப்பவர்கள் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேரம் என்று அது சொல்வது பாடத் தயாரிப்பு நேரத்தையும் சேர்த்துத்தான். கூட்டத்தில் இதைப் பணிவாக எடுத்துச் சொன்னால் மறுக்க முடியாது. மூன்றாவதாக, எம்.எட். படித்தபோது மேயரும் ஆலனும் 1991இல் எழுதிய கட்டுரை ஒன்று பாடத்தில் வந்தது. ஒருவர் வேலையில் நிலைத்திருப்பது பற்றினாலா, கடமை உணர்ச்சியாலா, விட்டுப் போனால் இழப்பு என்பதாலா என்று அவர்கள் பிரித்துக் காட்டுகிறார்கள். பற்று நிர்வாகத்தைப் பொறுத்தது, கடமை நம்மைப் பொறுத்தது. முதலாவது போனாலும் இரண்டாவதை விட்டிருக்கக் கூடாது என்பதே என் கருத்து. பிள்ளைகள் மெமோ கொடுக்கவில்லையே.

தாராவி, மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி

சூப்பர்வைசர் ஐயா, டோம்பிவிலிச் சகோதரி அறிவுரை கேட்டு எழுதவில்லை. நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டுதான் பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும் என்றால், அந்தப் பள்ளியில் ஏற்கெனவே ஏதோ முறிந்திருக்கிறது.

எனக்கு வாக்காளர் பட்டியல் வேலை வந்தது. தேர்தல் பணிக்குக் கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவே இடம் கொடுக்கிறது என்பதால் மறுக்க வழியில்லை. சந்து சந்தாகப் படிவத்தோடு அலைந்துவிட்டு நான்காம் நாள் வகுப்புக்குத் திரும்பினேன். பிராக்ஸி (மாற்று ஆசிரியர்) என்று யாராவது வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிருப்பார்கள் என்று நினைத்தபடி மேசையைத் திறந்தால், தலைமையாசிரியரின் கையெழுத்தில் ஒரு சீட்டு இருந்தது: "பக்கம் 42, நான்காம் கணக்கு வரை முடிந்தது. கடைசி பெஞ்சில் இருவருக்குக் கடன் வாங்கிக் கழித்தல் இன்னும் வரவில்லை." எங்கள் தலைமையாசிரியர் மூன்று நாளும் மூன்றாம் வகுப்பில் நின்றிருக்கிறார். அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

டோம்பிவிலி, கணித ஆசிரியை

சூப்பர்வைசர் ஐயா சொன்ன கடைசி வரிக்கு என்னிடம் பதில் இல்லை, அது உண்மை. ஒன்பது நாள் கழித்து அந்த வகுப்பை மறுபடி தொடங்கினேன். முதல்வருக்கு நிறுத்தியதும் தெரியாது, தொடங்கியதும் தெரியாது. பத்துப் பேர் வந்தார்கள். படிக்கட்டில் கேட்ட பையன் மட்டும் வரவில்லை. வடாலாவில் ஒரு டியூஷனில் சேர்த்துவிட்டதாக அவன் அம்மா சொன்னார். நான்கு வீடுகளில் வேலை செய்கிறவர். பணத்தை மூன்று தவணையாகக் கட்டச் சம்மதித்துவிட்டார்கள் என்று நிம்மதியோடு சொன்னார், எனக்கு உடம்பு இப்போது எப்படி இருக்கிறது என்றும் விசாரித்தார்.