மறு: 'இடைகழி மறுவாழ்வு' – மாற்றுச்சொல்

ஐயா, வணக்கம்.

உட்செவிக் கோளாறால் வரும் தலைசுற்றலுக்குத் தரும் பயிற்சிச் சிகிச்சையான வெஸ்டிபுலர் ரிஹாபிலிடேஷனுக்குத் தாங்கள் தந்த 'இடைகழி மறுவாழ்வு' மூலத்துக்கு விசுவாசமானதுதான். உட்செவியின் நடு அறைக்கு அந்தக் காலத்து உடற்கூற்றியலார் வைத்த பெயர் வீட்டு இடைகழியைத்தான் குறிக்கும். ஆனால் மருந்துச் சீட்டில் இதைப் படிப்பவருக்கு ரேழி நினைவு வரும். 'மறுவாழ்வு' என்றதும் குடியை நிறுத்தும் மையம்தான்!

என் அம்மாவுக்கு உட்செவியின் சமநிலை நரம்பில் அழற்சி வந்தபோது 'மயக்கமாக வருகிறது' என்றே மருத்துவரிடம் சொன்னார். ஈசிஜி எடுத்தார்கள், சர்க்கரை பார்த்தார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். அறையே சுழல்கிறது என்பது மறுநாள்தான் வெளிவந்தது. ஆகவே 'மயக்கம்' இந்தப் பக்கமே வர வேண்டாம். வெர்டைகோவுக்குத் 'தலைசுற்றல்' போதும்.

பிறகு பிசியோதெரபிஸ்ட் கற்றுக்கொடுத்தது இது: கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தி, நகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் தலையை இடமும் வலமும் ஆட்ட வேண்டும். நகம் மங்கினால் வேகம் அதிகம் என்று பொருள். தலை சற்றுச் சுற்றும், சுற்றட்டும். கெட்ட நரம்பை இது ஆற்றுவதில்லை. இரு காதுகளும் ஒத்துச் சொல்லாத சேதியைத் திருத்திப் படிக்க மூளைதான் பழகிக்கொள்கிறது. 1940களில் இங்கிலாந்தில் காத்தோர்ன், குக்சி என்ற மருத்துவர்கள் வகுத்த பயிற்சிகளும் இந்த வழியில் வந்தவையே. எனவே 'மீட்பு' பொருந்தாது, 'பயிற்சி'யே சரி.

'வெஸ்டிபுலர்' என்ற முன்பாதிதான் சிக்கல். 'சமநிலைப் பயிற்சி' ஒற்றைக்காலில் நிற்பதற்கே போய்விட்டது. கொத்தனாரின் ரசமட்டத்தை நினைத்துச் 'செவிமட்டம்' என்று ஆசையாக ஆக்கினேன். "யார் காது மட்டம்?" என்று வீட்டில் கேட்டதும் கைவிட்டேன். இப்போது 'செவிச்சமன்' என்கிறேன்: செவிச்சமன் உறுப்பு, செவிச்சமன் நரம்பு, செவிச்சமன் பயிற்சி. புணர்ச்சி விதியைக் காட்டிச் 'செவிச்சமற்பயிற்சி' ஆக்கிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

இன்னொன்று. தலைசுற்றலுக்குச் செய்யும் எப்ளி முறையில் நோயாளியைப் படுக்கவைத்துத் தலையைப் படிப்படியாகத் திருப்பி, உட்செவியின் அரைவட்டக் குழலுக்குள் புகுந்த சுண்ணத் துகள்களை வெளியே உருட்டிவிடுகிறார்கள். அங்கே மூளை எதையும் பழகுவதில்லை. அதையும் பயிற்சியில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. 'துகள் நகர்த்தல்' என்று தனியே எழுதிவருகிறேன். தங்களுக்கு இதைவிடக் கச்சிதமாக ஏதாவது தோன்றுகிறதா?