கடற்படையில் இருக்கிற ஒருவர் தன் துணை ஓர் ஆண் என்று வெளிப்படையாகச் சொன்னால் படையின் ஒழுங்கு கெட்டுவிடுமா?

கொட்டியாரக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம், திருகோணமலையில் இருந்து எழுதுகிறேன். என் சித்தியின் மகன் இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்தவன். ஏழு வருடமாகப் பிரித்தானியக் கடற்படையில் பொறியியல் பிரிவில் வேலை செய்கிறான். போன ஆடியில் சித்தியோடு வந்து எங்கள் வீட்டில் நின்றான். ஒருநாள் கோணேசர் கோயிலுக்குப் போய்விட்டு வந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பெரிய மாமா வழக்கம்போல, "வயசு முப்பதாகுது, பொம்பிளை பார்க்கட்டோ" என்று கேட்டார். அவன் ஒளிக்கவில்லை. நாலு வருடமாக ஓர் ஆணோடுதான் வாழ்கிறேன், கப்பலில் எல்லோருக்கும் தெரியும், கப்பல் கரைக்கு வரும்போது மற்றவர்களின் மனைவிமாரோடு அவரும் வந்து நிற்பார் என்று சாதாரணமாகச் சொன்னான். சித்திக்கு முன்பே தெரிந்திருக்கிறது, அவ தலையைக் குனிந்துகொண்டா. எனக்கு அதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது.

மாமா துறைமுகத்தில் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைக்காரன் கடற்படை இங்கே இருந்த காலத்தைப் பற்றித் தன் தகப்பனிடம் நிறையக் கேட்டு வளர்ந்தவர். அந்த நாளில் டொக்யாட்டில் இப்படி யாராவது பிடிபட்டால் தண்டனை கொடுத்துக் கலைத்துவிடுவார்கள், அதனால்தான் அது கடற்படையாக இருந்தது, மாசக்கணக்கில் கப்பலுக்குள் அடைந்து கிடக்கிற ஆம்பிளைகளுக்கு நடுவில் இது சரிவராது, இனி அந்தப் படை உருப்படாது என்று அவன் முகத்துக்கு நேரே சொன்னார். அவன் பதில் பேசாமல் எழுந்து கை கழுவப் போய்விட்டான். நானும் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதுதான் இன்றைக்கும் மனதில் கிடந்து உறுத்துகிறது.

இந்த விவாதம் அந்த நாடுகளில் எப்படி நடந்தது, தடையை எடுத்த பிறகு மாமா பயப்படுகிற மாதிரி ஏதாவது நடந்ததா? தெரிந்தவர்கள் எழுதுங்கள். திட்டுவதற்கு மட்டும் வருகிறவர்கள் தயவுசெய்து வேண்டாம்.

---

உள்துறைமுக வீதி எழுதியது:

அக்கா, பழைய கதையில் உங்கள் மாமா சொல்வது சரிதான். பிரித்தானியக் கடற்படை 1957இல் திருகோணமலையை விட்டுப் போகும்வரைக்கும் அங்கே இது குற்றம். 1967இல் இங்கிலாந்தில் சாதாரண மக்களுக்குச் சட்டத்தைத் தளர்த்தியபோதுகூட ஆயுதப் படைகளுக்கு அது பொருந்தாது என்று விலக்கி வைத்தார்கள். 1994இல் படையினருக்கும் அது குற்றம் இல்லை என்றானது, ஆனால் வேலையை விட்டு நீக்குவது நிற்கவில்லை. இராணுவப் பொலிஸ் வந்து லாச்சியைத் திறந்து கடிதங்களை எடுத்து, யாரோடு படுத்தாய் என்று மணிக்கணக்காகக் கேட்பார்கள். ஜோ ஓசாலிஸ் என்று ஒரு ரேடியோ இயக்குநர், கிட்டத்தட்ட 18 வருடம் கடற்படையில் இருந்தவர், போக்லாந்துப் போருக்குப் போனவர். இருபால் ஈர்ப்பாளர் என்பதற்காக 1993இல் அவரை நீக்கி நீண்ட சேவைப் பதக்கத்தையும் பறித்துக்கொண்டார்கள். அந்தப் பதக்கம் திரும்பக் கிடைக்க இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆனது!

தடையை உடைத்தது நான்கு பேர். இரண்டு பேர் விமானப்படை, இரண்டு பேர் கடற்படை. லண்டன் நீதிமன்றங்களில் தோற்று, ஸ்ட்ராஸ்பூர்க்கில் இருக்கிற ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். 1999 செப்டம்பர் 27ஆம் திகதி தீர்ப்பு வந்தது. அதில் ஒரு இடத்தை நம்மவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அரசாங்கம் தன் பக்கத்துக்குக் காட்டியது, படையினரிடம் கருத்துக் கேட்டுத் தயாரித்த ஓர் அறிக்கை. மற்ற வீரர்களுக்குப் பிடிக்கவில்லை, அவர்களோடு இருக்க மாட்டோம் என்கிறார்கள், ஆகவே மனவுறுதி குலையும் என்பதுதான் அதன் சாரம். நீதிமன்றம் என்ன சொன்னது என்றால், பெரும்பான்மையினருக்கு ஒரு சிறுபான்மையினர் மீது இருக்கிற வெறுப்பை மட்டும் காரணமாக வைத்து அவர்களை விலக்க முடியாது, வேறு இனத்தவர், வேறு நிறத்தவர் மீது அப்படி ஒரு வெறுப்பு இருந்தால் அதை எப்படிக் காரணமாக ஏற்க முடியாதோ அதே மாதிரித்தான் இதுவும் என்று. இதை முதன்முதல் வாசித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன். பெரும்பான்மைக்குப் பிடிக்காது என்ற நியாயம் நமக்கு எவ்வளவு பழக்கமானது!

2000 ஜனவரியில் தடை போனது. உங்கள் தம்பி படையில் சேர்வதற்கு எத்தனையோ வருடம் முந்தி. அதே கடற்படைதான் இன்றைக்கும் கப்பல் ஓட்டுகிறது. 2023 ஜூலையில் பிரதமர் ரிஷி சுனக் பாராளுமன்றத்தில் எழுந்து அந்தப் பழைய தடைக்காக மன்னிப்புக் கேட்டார். மாமாவிடம் இதைச் சொல்லுங்கள். அவர் மெச்சுகிற அந்தக் கடற்படையின் நாடே அது பிழை என்று ஒத்துக்கொண்டுவிட்டது.

அமெரிக்காவில் இது இன்னும் இழுபட்டது. 1993இல் கிளின்டன் தடையை எடுக்கப் போனார், தளபதிகளும் செனட்டும் விடவில்லை. செனட்டர் சாம் நன் நீர்மூழ்கிக் கப்பலுக்குள்ளேயே போய், படுக்கைகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன பாருங்கள் என்று காட்டினார். உங்கள் மாமா சொன்ன அதே வாதம். கடைசியில் ஒரு சமரசம் செய்தார்கள்: அவர்கள் கேட்க மாட்டார்கள், நீ சொல்லக் கூடாது. சொன்னால் வீட்டுக்கு. சொல்லாமலே யாராவது காட்டிக்கொடுத்தாலும் வீட்டுக்கு. அந்தச் சட்டத்தின் கீழ் 13,000 பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டார்கள். அதில் அரபு மொழி தெரிந்த மொழிபெயர்ப்பாளர்களும் இருந்தார்கள், அதுவும் ஈராக், ஆப்கானிஸ்தான் போர்கள் நடந்துகொண்டிருந்த நேரத்தில்.

2010 டிசம்பரில் ஒபாமா சட்டத்தை நீக்கக் கையொப்பமிட்டார், 2011 செப்டம்பர் 20இல் அது நடைமுறைக்கு வந்தது. கடற்படைப் பிரிவான மரைன்களின் தளபதி ஜேம்ஸ் ஏமோஸ், ஒபாமா கையொப்பமிடுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், இதனால் வீரர்களின் கவனம் சிதறி உயிர் போகும் என்று எச்சரித்தவர். ஒரு வருடம் கழித்து அதே மனிதர் பிரச்சினை ஒன்றும் இல்லை என்றார். எதிர்த்தவர் வாயாலேயே வந்தது என்பதால் எனக்கு இதுதான் பெரிய சாட்சி.

---

கோட்டைமுனை எழுதியது:

நான் இதை ஏற்கவில்லை, மரியாதையோடு சொல்கிறேன். எனக்கு அறுபத்தி நாலு வயது. வெளிநாட்டுக் கொம்பனிக் கப்பல்களில் 22 வருடம் வேலை செய்தேன், என்ஜின் அறையில். கப்பல் என்பது கந்தோர் இல்லை, ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போக முடியாது. நான்கு பேர் ஒரு அறையில், குளிக்கிற இடம் பொது. அங்கே ஒருவர் மேல் ஒருவருக்கு நம்பிக்கை போனால் வேலை நடக்காது. அதோடு மேலதிகாரி ஒருவர் இப்படி இருந்தால் கீழே இருக்கிற பெடியன் யாரிடம் போய் முறையிடுவான்? நான் இளைஞனாக இருந்தபோது ஒரு கப்பலில் அப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெடியன் அடுத்த துறைமுகத்தில் இறங்கி ஊருக்குப் போய்விட்டான், பிறகு கடலுக்கே வரவில்லை. அவன் முகம் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. ஆகவே வெறும் வெறுப்பில் சொல்கிறேன் என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம். ஒருவர் அப்படி இருக்கலாம், அது கடவுள் விட்ட வழி. ஏன் வெளியே சொல்ல வேண்டும்?

---

உள்துறைமுக வீதி எழுதியது:

ஐயா, நீங்கள் மனம் திறந்து எழுதியதற்கு நன்றி. அந்தப் பெடியனுக்கு நடந்தது கொடுமை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்த அதிகாரி வெளியே சொல்லிவிட்டு இருந்தவரா, மறைத்து இருந்தவரா? எல்லாம் மூடி வைத்த இடத்தில்தான் அது நடந்தது. பெடியன் வாயைத் திறந்தால் முதலில் அவனைத்தான் "நீயும் அப்படியோ" என்று கேட்பார்கள், அந்தப் பயத்தில்தான் அவன் இறங்கிப் போயிருப்பான்.

2000இல் தடையை எடுத்தபோது பிரித்தானியப் படைகள் செய்தது என்னவென்றால், ஆணோ பெண்ணோ, யாரை விரும்புகிறவரோ, எல்லோருக்கும் ஒரே ஒழுக்கக் கோவையைக் கொண்டுவந்தார்கள். கேள்வி ஒன்றுதான்: இந்த நடத்தை படையின் வேலையைக் கெடுக்கிறதா? பதவியைக் காட்டிக் கீழே இருப்பவரைத் தொந்தரவு செய்கிறவன் மனைவி பிள்ளை உள்ளவனாக இருந்தாலும் பிடிபடுவான். நீங்கள் பயப்படுகிற விஷயத்துக்கு மருந்து அதுதான்.

ஒரு அறையில் எப்படி இருப்பது என்ற வாதத்துக்கும் பழைய கதை ஒன்று இருக்கிறது. 1948இல் ட்ரூமன் அமெரிக்கப் படைகளில் கறுப்பர், வெள்ளையர் பிரிவினையை நீக்க ஆணையிட்டபோதும் ஒரே அறை, ஒரே குளியலறை என்றுதான் எதிர்த்தார்கள். இரண்டையும் ஒப்பிடக் கூடாது என்று 1990களின் தொடக்கத்தில் சொன்ன கொலின் பவல், கறுப்பினத்தவராக முப்படைத் தலைமைப் பதவிக்கு வந்தவர், 2010இல் சட்டத்தை மாற்றலாம் என்று தன் நிலையை மாற்றிக்கொண்டார்.

---

நிலாவெளி வடக்கு எழுதியது:

எல்லாம் வாசித்தேன், தகவல்களுக்கு நன்றி. ஆனால் எனக்கு இந்தத் திரியே நெஞ்சில் இடிக்கிறது. 2006 ஜனவரி 2ஆம் திகதி இதே திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். குற்றம் சாட்டப்பட்ட அதிரடிப் படையினர் 13 பேரும் 2019இல் விடுதலை. அந்தப் பெடியன்களுக்கும் எனக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. சீருடை போட்டவர்களின் உரிமைக்காக நான் ஏன் வாதாட வேண்டும்? படையில் யார் சேரலாம், யார் சேரக் கூடாது என்று நாங்கள் பேசுவதற்கு முந்தி, அந்தப் படை எங்களுக்குச் செய்ததற்கு யாராவது பதில் சொல்லட்டும். தற்பாலீர்ப்பாளர்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

---

பெயர் வேண்டாம் எழுதியது:

நிலாவெளி அண்ணா, உங்கள் வலி எனக்கு விளங்குகிறது, நானும் இந்த ஊர்தான். எந்தப் படையிலும் சேர எனக்கு விருப்பம் இல்லை, சேரவும் மாட்டேன். ஆனாலும் இந்தத் திரியை மூன்று தரம் வாசித்தேன், ஏனென்றால் நான் அப்படிப்பட்டவன். இதை எழுதுவது இதுதான் முதல் தடவை, எங்கேயும்.

இங்கே எனக்குப் பிரச்சினை படையில் இல்லை, சட்டத்தில். வெள்ளைக்காரன் 1883இல் எழுதிவிட்டுப் போன தண்டனைச் சட்டக்கோவையில் எங்களைப் போன்றவர்களைக் குற்றவாளியாக்குகிற 365, 365அ பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. 365அவின் கீழ் இரண்டு வருடம் வரைக்கும் சிறை. 1995இல் திருத்தினார்கள், நீக்குவதற்கு இல்லை, பெண்களையும் சேர்ப்பதற்கு. எழுதியவன் தன் நாட்டில் எப்போதோ கைவிட்டுவிட்டான், கொட்டியாரக்கரை அக்காவின் தம்பி அவனுடைய கப்பலிலேயே வெளிப்படையாக வேலை செய்கிறார், நாங்கள் மட்டும் அதை எங்கள் கலாசாரம் என்று பிடித்துக்கொண்டு நிற்கிறோம். 2023இல் இதை நீக்க ஒரு தனிநபர் சட்டமூலம் வந்தது. அது அரசியலமைப்புக்கு முரண் இல்லை என்று உயர் நீதிமன்றமே சொன்னது. சட்டமாகவில்லை.

கோட்டைமுனை ஐயா கேட்டார், ஏன் வெளியே சொல்ல வேண்டும் என்று. கோபப்படாமல் சொல்கிறேன். மற்றவர்கள் ஒரு நாளைக்கு எத்தனை தரம் சொல்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள் ஐயா. மனுசி சமைத்துத் தந்தா, மகளுக்குக் காய்ச்சல், மாமி வீட்டுக்குப் போகிறோம். நான் வேலை செய்கிற இடத்தில் திங்கட்கிழமை காலையில் யாராவது சனி ஞாயிறு என்ன செய்தாய் என்று கேட்டால், நான் ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கிப் பொறுக்கிப் பேச வேண்டும். அவரோடு உப்புவெளிக் கடற்கரையில் நடந்தேன் என்பதை "ஒரு கூட்டாளியோடு" என்று மாற்ற வேண்டும், பிறகு யார் அந்தக் கூட்டாளி என்று கேட்டால் ஒரு பெயர் கட்ட வேண்டும், அடுத்த கிழமை அந்தப் பெயரை மறக்காமல் இருக்க வேண்டும். அமெரிக்காவில் 13,000 பேர் என்று மேலே எழுதியிருக்கிறார்கள். பிடிபடாமல் இப்படிச் சொல் பொறுக்கியே காலம் தள்ளியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்றுதான் நான் நினைத்தேன்.

தென் கொரியாவில் ஆண்கள் எல்லோரும் கட்டாயம் படைக்குப் போக வேண்டும். அங்கே படைவீரர்கள் ஆணோடு ஆண் சேர்ந்தால் இரண்டு வருடம் வரை சிறை என்று ஒரு சட்டம். 2017இல் கைத்தொலைபேசிகளை வாங்கி ஆள் தேடினார்கள். விருப்பம் இல்லாவிட்டால் சேராதே என்று அந்தப் பெடியன்களுக்குச் சொல்லவும் முடியாது. ஆகவே இது படையை ஆதரிப்பதா எதிர்ப்பதா என்ற கேள்வி இல்லை அண்ணா. ஒரு அரசாங்கம் இன்னாரைக் கீழே வைக்கலாம் என்று எழுதி வைத்தால் அது படைவாசலோடு நிற்காது, வீட்டுக்குள்ளும் வரும்.

---

நிலாவெளி வடக்கு எழுதியது:

தம்பி, வாசித்தேன். படையைப் பற்றி நான் எழுதியதில் மாற்றம் இல்லை. 365அ பற்றி நீங்கள் எழுதியதில் எனக்கு மறுப்பு இல்லை, அது போகத்தான் வேண்டும். இதை எழுதியதால் உங்களுக்கு ஆபத்து வரக் கூடாது, இடப்பெயரை வேண்டுமானால் மாற்றிவிடுங்கள்.

---

கோட்டைமுனை எழுதியது:

திங்கட்கிழமை பற்றி எழுதியதை வாசித்துவிட்டு மனுசிக்கும் வாசித்துக் காட்டினேன். என் அபிப்பிராயம் முழுக்க மாறிவிட்டது என்று சொன்னால் பொய். ஆனால் 22 வருடம் என்னோடு ஒரே அறையில் படுத்தவர்களில் யாராவது இப்படிச் சொல் பொறுக்கிக்கொண்டு இருந்தார்களோ என்று நேற்று இரவு முழுக்க ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன். ஒருவர் இருந்தார். ஒருநாளும் வீட்டுக் கதை கதைக்க மாட்டார்.

---

கொட்டியாரக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, பெயர் வேண்டாம் தம்பிக்கு விசேஷமாக. நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு முதலில் சித்திக்குத்தான் எடுத்தேன். அன்றைக்கு நான் ஒன்றும் பேசாமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவ அழுதா, பிறகு அந்தத் துணைவரைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைத்தா, அவர் நல்லாகச் சமைப்பாராம், சித்தியிடம் கேட்டுக் கேட்டுச் சொதி வைக்கப் பழகிவிட்டாராம். ஒரு வருடமாக இதைச் சொல்ல ஆள் இல்லாமல் இருந்திருக்கிறா.

மாமாவிடம் ஞாயிற்றுக்கிழமை போய் அந்த ரேடியோக்காரரின் கதையைச் சொன்னேன். பதக்கத்தைப் பறித்தார்கள் என்றதும் சாய்மனையில் இருந்து நிமிர்ந்துவிட்டார். "போருக்குப் போனவனிடமோ?" என்று இரண்டு தரம் கேட்டார். மற்ற விஷயம் ஒன்றும் கதைக்கவில்லை. நான் வெளிக்கிடும்போது மட்டும், "அவன் இப்ப எந்தக் கப்பலில் நிற்கிறான்?" என்று கேட்டார். தம்பியின் வாட்ஸ்அப் நம்பரை ஒரு துண்டில் எழுதி அவருடைய கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். இன்னும் எடுக்கவில்லை.